புகைத்தீவும் தரிசுக் கரடும்: பாரன் தீவை முன்வைத்துச் சில குறிப்புகள்

1

நமது துண்டறிக்கைகளில் எரிமலை ஓயாமல் வெடித்துக்கொண்டிருக்கிறது. மக்கள் கோபம் என்றால் எரிமலை, இளைஞர் எழுச்சி என்றால் எரிமலை, கட்சி இரண்டாகப் போனால்கூட அது 'உள்ளே குமுறிக்கொண்டிருந்த எரிமலை'. கவிதைகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இத்தனை எரிமலைகளைத் தமிழில் வெடிக்கவிட்ட நம்மிடம், இந்திய எல்லைக்குள் உண்மையாகவே புகைந்துகொண்டிருக்கும் ஒரே எரிமலை எது, எங்கே இருக்கிறது என்று கேட்டால் பதில் சட்டென்று வருவதில்லை. அந்தமான் கடலில் இருக்கும் பாரன் தீவுதான் அது. ஆங்கிலத்தில் 'பாரன்' என்றால் தரிசு, மலடு, ஒன்றும் விளையாத இடம். தீவின் பெயரே ஒரு தீர்ப்பு. அந்தத் தீர்ப்பை எழுதியவர்கள் யார், அதே தீர்ப்பு வேறு எந்தெந்த நிலங்களின் மேல் எழுதப்பட்டது என்று விளக்குவதே இக்கட்டுரையின் வேலை.

தருமபுரியில் உட்கார்ந்துகொண்டு அந்தமான் எரிமலையைப் பற்றி எழுதுவானேன் என்று கேட்கலாம். ஒரு வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். ஒகேனக்கல்லும் தருமபுரியும் வட அட்சம் பன்னிரண்டு பாகைக்குச் சற்று மேலே இருக்கின்றன. அங்கிருந்து கிழக்கே ஏறக்குறைய நேராக ஒரு கோடு இழுத்தால் அது திருவண்ணாமலை, திண்டிவனம், மரக்காணம் வழியாகக் கடலில் இறங்கும். வங்கக் கடலைக் கடந்து அந்தமானின் பாராட்டாங் தீவைத் தொட்டு, மறுபடி கடலில் இறங்கிப் பாரன் தீவில் முட்டும். தருமபுரியிலிருந்து சுமார் 1,700 கிலோமீட்டர். அட்சரேகை மனிதன் கற்பித்த கோடு, அதற்கு மர்மம் எதுவும் கிடையாது. ஆனாலும் சில நேரங்களில் ஒரு கற்பிதக் கோட்டைப் பிடித்துக்கொண்டு நடந்தால், அரசின் கோப்புகள் தனித்தனியாகப் பிரித்து வைத்திருக்கும் விஷயங்கள் ஒன்றன்பின் ஒன்றாக எதிர்ப்படுகின்றன.

இந்தக் கோட்டின் மேற்கு முனையிலும் கிழக்கு முனையிலும் ஒரே சொல் இருக்கிறது. ஒகேனக்கல் என்பது கன்னடத்தில் 'ஹொகே' என்கிற புகையும் கல்லும் சேர்ந்த பெயர்: புகையும் பாறை. அருவியின் நீர்த்திவலையைப் புகை என்று பார்த்த கண்கள் வைத்த பெயர். பாரன் தீவுக்கு அந்தமானின் பழங்குடியினர் வழங்கிய பெயரும் 'புகைத்தீவு' என்றே பொருள்படும் என்று 19ஆம் நூற்றாண்டில் அவர்கள் மொழியைக் கேட்டு எழுதியவர்கள் பதிந்து வைத்திருக்கிறார்கள். ஒரு பக்கம் நீர், ஒரு பக்கம் நெருப்பு. இரண்டு இடத்திலும் மக்கள் கண்டதைச் சொன்னார்கள். 'பாரன்' என்றவர்கள் தங்களுக்குக் கிடைக்காததைச் சொன்னார்கள். இந்த வித்தியாசத்தைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளவும்.

2

முதலில் தீவு எப்படி உண்டானது என்று பார்த்துவிடலாம். அரசியலைப் பேசும் அவசரத்தில் பாறையைத் தாண்டிப் போய்விடக் கூடாது.

போர்ட் பிளேயருக்கு வடகிழக்கே சுமார் 140 கிலோமீட்டர் தொலைவில், ஏறக்குறைய வட்டமாக, மூன்று கிலோமீட்டர் குறுக்களவில் இருக்கிறது பாரன் தீவு. உயரம் 350 மீட்டர் சொச்சம். நம்மூர்க் கரடு ஒன்றை எடுத்துக் கடலில் வைத்தது போலத்தான் தோன்றும். ஆனால் நாம் பார்ப்பது தலையின் நுனியை மட்டுமே. கடலடியிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்கும் மேல் எழும்பி வந்த ஒரு மலையின் உச்சி அது. பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் உச்சி சரிந்து உள்வாங்கியதில் இரண்டு கிலோமீட்டர் அகலமுள்ள பெரும் கிண்ணம் உண்டானது. கிண்ணத்தின் சுவர் மேற்குப் பக்கம் உடைந்து கடலுக்கு வழி விட்டிருக்கிறது. கிண்ணத்தின் நடுவே, சாம்பலும் கசடும் குவிந்து எழுந்த கூம்பு. இப்போது புகைவது அந்தக் கூம்புதான்.

நெருப்பு எங்கிருந்து வருகிறது? பூமிக்குள் ஒரு நெருப்புக் கடல் இருக்கிறது, அது ஓட்டை கிடைத்த இடத்தில் பீறிடுகிறது என்ற படம் நம்மில் பலருக்கு இருக்கிறது. அது சரியில்லை. பூமியின் மேலோட்டுக்குக் கீழே இருக்கும் பாறை மிகுந்த சூட்டில் இருந்தாலும், மேலிருந்து அழுத்தும் பாரத்தால் திடமாகவே இருக்கிறது. அது உருக வேண்டுமானால் ஒன்று அழுத்தம் குறைய வேண்டும், இல்லை வேறு ஏதாவது ஒன்று கலந்து அதன் உருகுநிலையைத் தாழ்த்த வேண்டும். அந்தமானில் நடப்பது இரண்டாவது வகை. நாம் நிற்கும் இந்தியத் தட்டு அங்கே பர்மாத் தட்டு எனப்படும் சிறு தட்டுக்கு அடியில் நுழைந்து போகிறது. போகும்போது கடலடிச் சேற்றையும் நீரையும் கூடவே இழுத்துப் போகிறது. இமயத்திலிருந்து கங்கையும் பிரம்மபுத்திராவும் கொண்டுவந்து கொட்டிய வண்டலும் அதில் உண்டு. நூறு கிலோமீட்டர் அளவு ஆழத்தில் அந்தத் தண்ணீர் பிழியப்பட்டு மேலே இருக்கும் சூடான பாறையில் கலக்கிறது. உப்புப் போட்டால் பனிக்கட்டி உருகுவது போல, நீர் கலந்த பாறை உருகத் தொடங்குகிறது. உருகியது கனம் குறைந்து மேலேறி வருகிறது. சுருக்கமாகச் சொன்னால், எரிமலையைக் கொளுத்துவது தண்ணீர்.

துண்டறிக்கை எழுதுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நாம் எரிமலையை உருவகமாக எடுத்தாளும்போது, அடக்கி வைத்த ஒன்று தானாக ஒருநாள் வெடிக்கும் என்ற நம்பிக்கையைச் சேர்த்துத்தான் சொல்கிறோம். நிஜ எரிமலைக்கு அப்படி ஒரு 'தானாக' கிடையாது. வெளியிலிருந்து ஒன்று உள்ளே போய்க் கலந்தாக வேண்டும், அதுவும் பல லட்சம் ஆண்டுகள் மெதுவாக. காத்திருந்தால் வெடிக்கும் என்கிற உருவகம் சோம்பேறித்தனத்துக்கு வசதியாக இருக்கிறது, அவ்வளவுதான்.

இந்தத் தீவு தனித்த பிறவியும் அல்ல. வடக்கே மியான்மரின் போப்பா மலையிலிருந்து நார்கொண்டம், பாரன் வழியாகத் தெற்கே சுமத்ரா, ஜாவா என்று நீளும் ஒரு வளைவின் கண்ணி. இதே வளைவில்தான் சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் தோபா வெடித்தது. அதன் சாம்பல் ஆந்திரத்தின் ஜ்வாலாபுரத்தில் கற்காலக் கருவிகளுக்கு மேலும் கீழுமாக இடையில் ஒரு படுகையாகக் கிடக்கிறது. 1883இல் கிரக்கதோவா வெடித்தபோது கிளம்பிய அலை சென்னை, நாகப்பட்டினத்து அலைமானிகளில் பதிவானது. 2004 டிசம்பர் 26இல் நிலம் உடைந்ததும் இதே தட்டு விளிம்பில்தான். நாகப்பட்டினத்திலும் கடலூரிலும் பிணங்களை அள்ளிய நமக்கு அந்தமான் கடலடி 'தூர தேசம்' அல்ல.

3

ஒகேனக்கல்லுக்குத் திரும்பலாம். அருவிக்குப் போகிறவர்கள் பரிசலையும் மீன் வறுவலையும் தவிர வேறெதையும் பார்ப்பதில்லை. அப்பகுதிப் பாறைகளில் கார்பனடைட் என்று ஒன்று உண்டு. சுண்ணாம்புச் சத்து நிறைந்த உருகிய குழம்பு ஆழத்திலிருந்து ஏறி வந்து உறைந்த அபூர்வ வகை. அதன் வயது சுமார் 240 கோடி ஆண்டுகள் என்று கணித்திருக்கிறார்கள். இன்று உலகில் அந்த வகைக் குழம்பைக் கக்கும் எரிமலை ஒன்றே ஒன்றுதான்: தான்சானியாவின் ஓல் தோயின்யோ லெங்காய்.

அடுத்தது, தருமபுரி - கிருஷ்ணகிரிப் பகுதியின் 'கறுப்பு கிரானைட்'. வியாபாரத்தில் கிரானைட் என்று சொன்னாலும் அது கிரானைட் அல்ல. டோலரைட். நூறு கோடி ஆண்டுகளுக்கும் முன்பு, நிலத்தில் விழுந்த நீண்ட விரிசல்களில் உருகிய குழம்பு ஏறி, வெளியே வராமல் நிலத்துக்குள்ளேயே மெல்ல ஆறிக் கெட்டிப்பட்டது. பாரன் தீவு கக்கும் பசால்ட்டும் இதுவும் வேதிச் சேர்க்கையில் ஒரே குடும்பம். வெளியே கொட்டி வேகமாக ஆறினால் பசால்ட், உள்ளே நின்று நிதானமாக ஆறினால் டோலரைட். குவாரியில் வேலை பார்த்த பெரியவர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது அவர், "நெருப்புல வெந்த கல்லுன்னு எங்களுக்குத் தெரியாதுங்களா? ஒடைக்கறப்ப பொறி பறக்குமே" என்றார். அறிவியலாக அது வேறு விஷயம், ஆனால் அவர் சொன்னதை நான் மறுக்கவில்லை. இந்தக் கல் ஜப்பானுக்கும் ஐரோப்பாவுக்கும் கல்லறைக் கல்லாகப் போகிறது என்பதையும் அவர்தான் சொன்னார்: "எவஞ் செத்தாலும் நமக்கு வேலைங்க."

நடுவில் திருவண்ணாமலை ஓர் அணைந்த எரிமலை என்று அடிக்கடி எழுதுகிறார்கள். பக்தியோடு புவியியலையும் சேர்த்தால் கௌரவம் என்று நினைப்பு. அது எரிமலை என்பதற்குப் புவியியலில் ஆதாரம் எதுவும் இல்லை. நம்பிக்கை நம்பிக்கையாக இருக்கட்டும், அதற்குப் பொய்யான சான்றிதழ் எதற்கு?

4

இனி வரலாறு. பாரன் தீவின் வெடிப்புகளைப் பட்டியலிடும் எந்த நூலும் 1787 என்று தொடங்கும். பிறகு 1789, 1795, 1803-04. அதன்பின் ஏறக்குறைய இரு நூற்றாண்டு நீண்ட உறக்கம். 1991இல் மறுபடி வெடிப்பு, எரிகுழம்பு உடைந்த சுவர் வழியே ஓடிக் கடலில் விழுந்தது. 1994-95இல் ஒன்று. சுனாமிக்கு ஐந்து மாதம் கழித்து 2005 மே மாத இறுதியில் ஒன்று. 2017 ஜனவரி 23இல், தேசியக் கடலியல் நிறுவனத்தின் ஆய்வுக் கப்பலில் இருந்தவர்கள் கூம்பு சாம்பல் கக்குவதை நேரில் கண்டு பதிவுசெய்தார்கள். 2025 செப்டம்பரிலும் சிறு வெடிப்புகள். சாம்பலும் புகையும் விட்டு விட்டுக் கிளம்பும் நிலை இன்னும் ஓயவில்லை.

இந்தப் பட்டியலை ஒரு பிரதியாக வாசித்துப் பாருங்கள். 1787க்கு முன் தீவு வெடிக்கவில்லையா? தீவின் நீர்மேல் பகுதியில் இருக்கும் பழைய பாறைகளுக்கே பதினாறு லட்சம் ஆண்டு வயது சொல்கிறார்கள். அது 1787க்காகக் காத்திருக்கவில்லை. கம்பெனியின் கப்பல்கள் அப்பக்கம் ஒழுங்காகப் போய்வரத் தொடங்கியது அப்போதுதான். 1789இல் ஆர்ச்சிபால்ட் பிளேயர் அந்தமானில் குடியேற்றம் அமைக்க வந்தவர், வரும் போக்கில் தீவு எரிவதைக் கண்டு எழுதினார். எழுதியதால் அது 'வெடிப்பு' ஆயிற்று. ஆக, நம் கையில் இருப்பது எரிமலையின் வரலாறு என்பதைவிட, குறிப்பேடு வைத்திருந்த கப்பல்களின் வரலாறு. புகைத்தீவு என்று பெயரிட்டவர்கள் எத்தனை வெடிப்புகளைப் பார்த்தார்கள், அதைப் பற்றி என்ன கதை சொன்னார்கள் என்பது இந்த அட்டவணையில் இல்லை. 1858இல் தண்டனைக் குடியேற்றம் வந்தபின் நோயிலும் துப்பாக்கியிலும் அவர்கள் கரைந்துபோனார்கள். 'போ' மொழியின் கடைசிப் பேச்சாளரான மூத்த போவா 2010 ஜனவரியில் இறந்தார். ஒரு மொழி சாகும்போது அதனுடன் வெடிப்புகளின் பட்டியல் ஒன்றும் சாகிறது என்பதைப் புவியியலாளர்கள்கூட ஒப்புக்கொள்வார்கள்.

எழுதியவர்களைக் குறைத்துச் சொல்வதற்கு இல்லை. இந்தியப் புவியியல் அளவைத் துறையின் மாலெட் 1884இல் தீவில் இறங்கி, ஹாப்டே என்கிற அளவையாளர் வரைந்த படத்துடன் 1885இல் வெளியிட்ட நூல் இன்றும் அடிப்படை ஆவணம். கரையோர வெந்நீர் ஊற்றின் சூடு ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வந்ததை முன்னும் பின்னும் வந்தவர்கள் அளந்து வைத்ததால்தான் எரிமலை உறங்கிய விதம் நமக்குத் தெரிகிறது. அறிவும் அதிகாரமும் பிணைந்திருக்கின்றன என்று ஃபூக்கோ சொன்னால், அதிலிருந்து அறிவே பொய் என்ற முடிவுக்குத் தாவுகிற பழக்கம் நம்மிடையே இருக்கிறது. வெந்நீரின் சூடு பொய் இல்லை. எதை அளந்தார்கள், எதை அளக்கத் தேவையில்லை என்று விட்டார்கள் என்பதில்தான் அதிகாரம் வேலை செய்கிறது.

இன்னொரு பெயர் விளையாட்டும் உண்டு. வடக்கே 130 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் நார்கொண்டம் தீவின் பெயர் 'நரக குண்டம்' என்பதிலிருந்து வந்தது என்பார்கள். ஆனால் நார்கொண்டம் புகைவதில்லை. அடர்ந்த காடு, 710 மீட்டர் உயரம். நரக குண்டம் என்ற பெயர் பாரனுக்குத்தான் பொருந்தும், மாலுமிகளின் வரைபடங்களில் பெயர் இடம் மாறி ஒட்டிக்கொண்டிருக்கலாம் என்று 19ஆம் நூற்றாண்டிலேயே ஊகித்தார்கள். 1986 டிசம்பரில் கடல் எல்லை உடன்பாடு கையெழுத்தாகும் வரை பர்மா அந்தத் தீவின் மேல் உரிமை கோரி வந்தது. ஒப்பந்தம் செய்த இரண்டு அரசுகளுக்கும் அப்பால் அங்கே ஒரு குடி இருக்கிறது: உலகில் வேறெங்குமே இல்லாத நார்கொண்டம் இருவாச்சி, சுமார் ஆயிரம் பறவைகள். கடலோரக் காவல்படையின் ராடார் நிலையத்துக்கு 2012இல் மறுக்கப்பட்ட அனுமதி 2014இல் கொடுக்கப்பட்டது. இருவாச்சியிடம் யாரும் கேட்கவில்லை.

5

பிளேயர் பாரன் தீவைக் கடந்துபோன மூன்றாவது ஆண்டு, 1792இல், திப்பு சுல்தானுடன் செய்துகொண்ட ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் பாரமகால் கம்பெனியின் கைக்கு வந்தது. அதாவது நமது தருமபுரி, கிருஷ்ணகிரிச் சீமை. கேப்டன் அலெக்சாண்டர் ரீடும் அவருக்கு உதவியாளராக வந்த தாமஸ் மன்றோவும் வயல் வயலாக அளந்தார்கள். மன்றோ 1799 வரை இங்கே இருந்தார். பின்னால் சென்னை மாகாணம் முழுவதும் பரவிய ரயத்துவாரி முறையின் பரிசோதனைக்கூடம் நம்முடைய மண்தான். அதே கம்பெனி, அதே பத்தாண்டு, ஒருவர் கையில் கடல் வரைபடம், இன்னொருவர் கையில் நிலப் பதிவேடு. இரண்டும் ஒரே கேள்வியைத்தான் கேட்டன: இதிலிருந்து என்ன கிடைக்கும்?

கிடைப்பது பயிர் நிலம். அதற்குத் தீர்வை. கிடைக்காதது தரிசு. 'தீர்வை ஏற்பட்ட தரிசு', 'தீர்வை ஏற்படாத தரிசு', 'புறம்போக்கு', 'கல்லாங்குத்து' என்று பதிவேட்டில் அது மேலும் பிரிந்தது. தரிசு என்பது நமக்குப் பழைய சொல். இந்த ஆண்டு உழாமல் ஆறப்போட்ட நிலமும் தரிசுதான், அது ஒரு பருவத்தின் பெயர். பதிவேட்டில் ஏறியபோது பருவம் போய் நிரந்தர அடையாளம் ஆயிற்று. கரடு என்றால் ஆடு மேயும், விறகு கிடைக்கும், சீமாறுக்குப் புல் கிடைக்கும், மழை பெய்தால் அதன் சரிவில் விழுந்த தண்ணீர்தான் அடிவாரத்துக் கிணற்றுக்கு ஊறும், உச்சியில் ஊர்ச் சாமி இருக்கும். பதிவேட்டில் இவற்றுக்குக் கட்டம் இல்லை. எட்வர்ட் சைத் 'கற்பிதப் புவியியல்' என்று சொன்னது கிழக்கு, மேற்கு என்கிற பெரிய பிரிவினைகளைப் பற்றி. தாசில்தார் அலுவலகத்திலேயே அது இருக்கிறது, சர்வே எண்ணோடு.

வெள்ளைக்காரன் போய்விட்டான், சொல் போகவில்லை. 2000இல் மத்திய அரசு வெளியிட்ட இந்தியத் தரிசு நில வரைபடத் தொகுப்பில், செயற்கைக்கோள் படத்தை வைத்துப் பிரித்த வகைகளில் ஒன்று பாறை நிலம். அதற்குப் போட்ட அடைமொழி அதே 'பாரன்'. எந்தத் தீவுக்கு இட்ட பெயரோ அந்தப் பெயர் விண்ணில் ஏறி நம் கரடுகளின் மேல் இறங்கியிருக்கிறது. 'ஒன்றும் இல்லாத இடம்' என்று எழுதியாகிவிட்டால் அப்புறம் வெடி வைக்க என்ன தயக்கம்? ஏல அறிவிப்பில் அது சில ஹெக்டேர் கல்லாங்குத்துப் புறம்போக்கு, அவ்வளவுதான். பக்கத்து வீடுகளின் சுவர் விரிசல் விடுவதும், கிணற்று ஊற்று மாறிப்போவதும், பொடி பறந்து மூச்சு வாங்குவதும் அந்த ஹெக்டேருக்குள் வராது.

இடம் காலி என்று எழுதுவதற்கும் ஆளைக் குற்றவாளி என்று எழுதுவதற்கும் இடையில் தூரம் அதிகமில்லை. 1992 ஜூன் 20இல் அரூர் அருகே வாச்சாத்தியில் வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் சேர்ந்து நுழைந்தபோது, சந்தனக் கடத்தல் என்ற ஒரு சொல் போதுமானதாக இருந்தது. பதினெட்டுப் பெண்கள் வன்புணர்ச்சிக்கு ஆளானார்கள், ஊரே சூறையாடப்பட்டது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் தீர்ப்பு வரும் முன்பே 54 பேர் இறந்துபோக, மிச்சமிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று 2011 செப்டம்பரில் தருமபுரி நீதிமன்றம் சொன்னது. 2023 செப்டம்பரில் உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது. முப்பத்தொரு ஆண்டுகள். அந்த மலையடிவாரம் காடு என்ற வகைக்குள் அரசுக்குத் தெரிந்தது, ஊர் என்ற வகைக்குள் தெரியவில்லை.

6

'பாரன் தீவில் உண்மையிலேயே மனிதர் இல்லையே, அப்புறம் தரிசு என்று சொன்னால் என்ன தப்பு?' என்று ஒரு தோழர் கேட்டார். நியாயமான கேள்வி. கிண்ணத்தின் உட்புறம் சாம்பலும் கருங்கசடும்தான். ஆனால் வெளிச் சரிவுகளில் காடு இருக்கிறது. புறாக்களும் பழந்தின்னி வெளவால்களும் இருக்கின்றன. 1991 வெடிப்புக்குப் பின் போன குழு, முன்பு பதிவான பறவை இனங்களில் பாதிக்கும் மேல் காணவில்லை என்றது. ஆக, அழிவதற்கு அங்கே ஏதோ இருந்திருக்கிறது. ஆடுகளும் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், கப்பல் உடைந்து ஒதுங்குவோருக்கு உணவாகட்டும் என்று விட்டுப் போன ஆடுகள் காட்டாடுகளாகப் பெருகி, நூறாண்டு கழித்து வந்த வெடிப்பையும் தாங்கிப் பிழைத்தன. நன்னீர் ஊற்று இருப்பதால் அது முடிந்தது. ஆட்டுக்கு அது தரிசு இல்லை. எங்கள் பக்கத்துக் கரட்டில் மேயும் ஆட்டுக்கும் இல்லை.

இதைச் சொல்லும்போது ஆட்டை நாயகனாக்கிவிடவும் வேண்டாம். ஒரு தீவின் செடிகொடிகளைக் கொண்டுவந்து விட்ட ஆடு மொட்டையடிக்கும் என்பதும் உண்மை. நான் சொல்ல வருவது எளிமையானது: 'பாரன்' என்பது நிலத்தின் குணம் அல்ல, கேட்பவரின் தேவை. கப்பல்காரனுக்கு நங்கூரம் போட வசதியில்லை, கம்பெனிக்கு வரியில்லை, ஆகவே மலடு. 'மலடு' என்ற சொல்லை நம் சமூகம் யார்மேல் வீசுகிறது என்று நினைத்துப் பார்த்தால் இந்தத் தர்க்கம் எவ்வளவு பழகியது என்பது பெண்களுக்குத் தெரியும்.

தமிழர்களாகிய நாமும் இந்தக் கணக்கில் வெளியாள் அல்ல. ராசேந்திரனின் கடல்கடந்த படையெடுப்பைச் சொல்லும் தஞ்சைக் கல்வெட்டில் 'மாநக்கவாரம்' என நிக்கோபார் வருகிறது என்று பெருமையோடு மேடையில் சொல்கிறோம். 2024 செப்டம்பரில் போர்ட் பிளேயரை 'ஸ்ரீ விஜயபுரம்' என்று மாற்றியபோது ஒன்றிய அரசும் சோழர் கடற்படைத் தளத்தைக் காரணம் காட்டியது. பிளேயர் பெயர் போகட்டும், எனக்கு அதில் துக்கமில்லை. அந்த இடத்தில் ஏன் அந்தமானியர் பெயர் ஒன்று வரவில்லை? காலனியத்தின் பெயரை எடுத்துவிட்டு இன்னொரு பேரரசின் நினைவை வைப்பதற்குக் காலனிய நீக்கம் என்று பெயர் சூட்டுகிறார்கள். அந்தமானில் வாழும் தமிழர்களோ பெரும்பாலும் பிழைக்கப் போனவர்கள். இலங்கையிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட மலையகத் தமிழர்களைக் கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தினார்கள். 'காலி இடம்' என்று சொல்லி ஓரிடத்தில் துரத்தப்பட்டவர்களை இன்னொரு 'காலி இடத்தில்' நட்டார்கள்.

பாராட்டாங்கில் சேற்று எரிமலை பார்க்கப் போகும் சுற்றுலா வண்டிகள் ஜாரவா மக்களின் காப்பகத்துக்குள் ஓடும் சாலை வழியாகத்தான் போகின்றன. காப்பகத்துக்குள் அந்தச் சாலையை மூடச் சொல்லி உச்சநீதிமன்றம் ஆணையிட்டது 2002இல். வண்டிகள் நிற்கவில்லை. இதன் பெரிய வடிவம் பெரு நிக்கோபாரில் இருக்கிறது. கலாத்தியா விரிகுடாவில் துறைமுகம், விமான நிலையம், மின் நிலையம், நகரம் என்று தொடக்கத்தில் 72,000 கோடி ரூபாய் மதிப்பிட்ட திட்டத்துக்கு 2022இல் சுற்றுச்சூழல் அனுமதி கொடுத்தார்கள். சுமார் 130 சதுர கிலோமீட்டர் காடு. ஷொம்பேன்களும் நிக்கோபாரிகளும் வாழும் தீவு. ஏழுவரி ஆமை எனப்படும் தோணி ஆமை முட்டையிடும் கரை. 2004 நிலநடுக்கத்தில் அத்தீவின் தென்முனையில் நிலம் நான்கு மீட்டருக்கு மேல் கடலுக்குள் தாழ்ந்தது. கலங்கரை விளக்கம் தண்ணீரில் நின்றது. அதே தட்டு விளிம்பில் லட்சக்கணக்கானோரைக் குடியேற்றும் நகரம். வெட்டப்படும் மழைக்காட்டுக்கு ஈடாக மரம் நட ஒதுக்கிய இடம் ஹரியானாவில். இருக்கும் காட்டைக் காலி இடமாகவும், எங்கோ இருக்கும் புதர்நிலத்தைக் காடாகவும் எழுத்தில் மாற்றிவிட முடிகிறது. பதிவேட்டின் சக்தி அது.

எழுத்தாளர்களுக்கும் இயக்கத்தோழர்களுக்கும் இதிலிருந்து என்ன வேலை என்று கேட்டால், உருவகத்தைக் கொஞ்ச நாள் ஓரமாக வைத்துவிட்டு வருவாய்த்துறையின் 'அ' பதிவேட்டை எடுத்து வாசிப்பது நல்ல தொடக்கம் என்பேன். அவரவர் ஊரில் 'அரசு தரிசு', 'கல்லாங்குத்து' என்று எழுதியிருக்கும் ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் எதிரே, அந்த இடத்தை மக்கள் என்ன பெயரால் அழைக்கிறார்கள், யார் ஆடு மேய்க்கிறார்கள், எந்தக் கிணற்றுக்கு அங்கிருந்து ஊற்று, எந்தச் சாமி, எந்தப் பிணம் அங்கே புதைந்திருக்கிறது என்று எழுதுங்கள். நடுகற்கள் மிகுந்த மாவட்டம் நமது. சாதாரண ஆட்களின் சாவை, மாடு மீட்டுச் செத்தவனின் பெயரை, கல்லில் எழுதி வைக்கத் தெரிந்த மண். அந்தப் பட்டியலைக் கிராம சபையில் வாசித்துத் தீர்மானமாகப் பதிவு செய்யச் சொல்லுங்கள். ஏல அறிவிப்பு வந்தபின் ஓடுவதைவிட வருமுன் எழுதி வைப்பதற்குப் பலம் அதிகம். நீதிமன்றத்துக்குப் போனாலும் தாள் கேட்பார்கள்.

எழுதாத பெயர் அழிந்துபோகும் என்பதற்குப் புகைத்தீவே சாட்சி. அங்கே பெயர் வைத்தவர்கள் போனார்கள், பெயரும் போயிற்று, மலடு என்ற தீர்ப்பு மட்டும் எல்லா வரைபடத்திலும் நிற்கிறது. இங்கே பெயர் வைத்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.